இரண்டு வேஷங்கள்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு 'மார்திகிரா' நினைவிருக்கும். கொழுத்த செவ்வாய் என்று பொருள். மறுநாள் சாம்பல் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம். நோன்பு தொடங்குமுன் வீட்டிலுள்ள முட்டை, வெண்ணெயைத் தின்று தீர்த்து, வேஷம் கட்டி ஆடும் நாள் அது.

1960 வாக்கில் எங்கள் வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, பள்ளி கிழக்கே. 1954 நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவுடையது. ஆனால் சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16-இல்தான் ஊர் கைமாறியது. பள்ளியில் மார்திகிரா அப்படியே தொடர்ந்தது. அம்மா அப்பாவின் பழைய வேட்டியை வெட்டித் தைத்து, பெரிய கறுப்புப் பொத்தான்கள் வைத்து, எனக்குப் 'பியெரோ' கோமாளி உடுப்பு செய்து கொடுத்தாள். முகத்துக்கு அரிசிமாவு. வாத்தியார் மிசியே 'பிராவோ' என்றார். ஒரு வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதே மாசியில், நாலைந்து நாள் இடைவெளியில், எங்கள் தெருவில் மயானக் கொள்ளை. பெரியப்பா காளி வேஷம் கட்டியிருந்தார். நீல முகம், தகர நாக்கு, எலுமிச்சம்பழ மாலை. முன்னால் பம்பையும் உடுக்கையும். திண்ணையில் என்னோடு வகுப்புத் தோழர்கள் இரண்டு பேர். "யார்டா அது?" என்றான் ஒருவன். "தெரியாது" என்றேன். பெரியப்பா நேரே என்னிடம் வந்து திருநீறு பூசக் கை நீட்டினார். எழுந்து உள்ளே ஓடிவிட்டேன்.

"பிள்ளை பயந்துட்டான்" என்று சிரித்தாராம். பயமில்லை. வெட்கம்.

பதினாறு வயதில் பியெரோவும் வெட்கமாகிவிட்டது. பிறகு அரசு வேலை, கோப்புகள், குடும்பம். பெரியப்பா காலமாகி, காரியம் முடிந்த அன்றுதான் அம்மா சொன்னாள்: மூன்று வயதில் எனக்குக் காய்ச்சல் கண்டு பிழைப்பேனா என்றிருந்தபோது, மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அவர் வேண்டிக்கொண்டாராம். அந்த வேஷம் எனக்காகக் கட்டியது.

குமாஸ்தா புத்தி எனக்கு. எதையும் தேதி போட்டுப் பார்ப்பேன். 2022 நாட்காட்டியில் மார்ச் 1, மார்திகிராவும் மகா சிவராத்திரியும் ஒரே நாள். மறுநாள் சாம்பல் புதன்; அன்றேதான் மயானக் கொள்ளையும். ஒருபுறம் நெற்றியில் சாம்பல், மறுபுறம் சுடுகாட்டுக்கு ஊர்வலம். தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. ஈஸ்டர் பங்குனி, சித்திரையில் ஒரு பௌர்ணமியை அடுத்து வரும் ஞாயிறு. அதற்கு 47 நாள் முன்னால் மார்திகிரா. கணக்குப் போட்டால் அது அமாவாசையை ஒட்டியே விழும். சில வருஷம் தை அமாவாசை, சில வருஷம் மாசி அமாவாசை. இரண்டு ஊர்க்காரர்களும் நிலவைப் பார்த்துத்தான் வேஷம் கட்டியிருக்கிறார்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே ஒன்று உயர்த்தி, மேற்கே ஒன்று மட்டம் என்று பிரித்தது நான்தான்.

இப்போது மயானக் கொள்ளை வந்தால் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறேன். போன முறை காளி வேஷத்தில் வந்த பையனுக்கு என் பேரன் வயதுதான் இருக்கும். "தாத்தா, திருநீறு" என்றான். செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று, நெற்றியைக் காட்டினேன்.