பேட்டையும் சராயும் வாடகை வீடும்

ஒரு சமுதாயம் எப்பொருளை விற்றது, எவ்வளவு ஈட்டியது என்பதையெல்லாம் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. பிழைக்கப் போன ஊரில் அது இரவு எங்கே தலைசாய்த்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. விருதுநகர், சிவகாசிச் சீமையின் வரலாறு இதற்கு ஒரு விலக்கு. அங்கே கதையே தங்குமிடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

1801-ஆம் ஆண்டில் பாளையக்காரர்களின் எதிர்ப்பை ஆங்கிலக் கும்பெனியார் ஒடுக்கிய பின்னர், தென்பாண்டி நாட்டின் பாதைகளில் வணிக வண்டிகள் பெருகின. திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டுப் பகுதியிலிருந்து நாடார் சமூகத்து வணிகர்கள் கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு வடக்கே இராமநாதபுரம் சீமையின் கரிசல் நிலத்துக்கு வந்தனர். பகலில் விற்பனை நடந்துவிடும், இரவுதான் சிக்கல். வழிப்பறி ஒருபுறம். சாதியின் பெயரால் ஊரார் கதவடைத்தது மறுபுறம். காசு கையில் இருந்தும் திண்ணையில் இடம் கிடையாது என்ற நிலை அவர்களுக்கு இருந்தது. அவர்கள் கண்ட விடைதான் பேட்டை. உயர்ந்த சுற்றுச்சுவர், உள்ளே கிணறு, மாடுகளுக்குத் தொட்டி, சரக்குக்குக் கொட்டடி, மனிதருக்குப் படுக்க இடம். ஒரு நாள் வண்டிப் பயணத்துக்கு ஒன்றாக இவை எழுந்தன. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்கள் இவ்வாறு அவர்களுடைய வணிகக் களங்களாக வேரூன்றின. அவற்றுள் விருதுபட்டிதான் 1923-இல் விருதுநகர் எனப் பெயர் பெற்றது.

பேட்டையைக் கட்டவும் காக்கவும் பணம் வேண்டுமல்லவா? அதற்கு ஏற்பட்டது மகமை. வாங்கும், விற்கும் சரக்கின் மீது ஒவ்வொரு வணிகரும் பொதுநிதிக்குச் செலுத்திய சிறு பங்கு அது. அதை ஆள்வதற்கு உறவின்முறை என்ற அமைப்பு இருந்தது. இந்த நிதியிலிருந்தே பின்னர் கிணறும் கோயிலும் பள்ளிக்கூடமும் தோன்றின. விருதுபட்டியின் சத்திரிய வித்தியாசாலை 1885-ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்றது. வீடுதோறும் எடுத்துவைத்த பிடியரிசியும் அதற்கு உரமாயிற்று என்பர். கல்விக்கு அவர்கள் ஆற்றிய தொண்டைப் பலரும் பாராட்டுகின்றனர். அந்தக் கல்விக்கும் முந்தியது கூரை என்பதைத்தான் நாம் ஈண்டுக் கவனிக்கிறோம். 1899-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிவகாசியில் மூண்ட கலகத்தை நினைப்பவர்க்கு, அந்தச் சுவர்கள் ஏன் அத்துணை உயரமாக எழுப்பப்பட்டன என்பது விளங்கும்.

புகைவண்டி வந்ததும் இந்தக் கதை வேறு திசையில் திரும்பியது. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான இருப்புப்பாதை 1876-இல் விருதுபட்டி வழியாகத் திறக்கப்பட்டது. விருதுநகரிலிருந்து சிவகாசி வழியே தென்காசிக்குச் செல்லும் பாதை 1927-இல் வந்தது. வண்டி கட்டிய காலத்தில் பயணம் ஒரு கூட்டத்தின் வேலை. ரயில் வந்த பிறகோ ஒருவன் தனியே ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு சென்னையில் இறங்கிவிடலாம். இறங்கியவன் எங்கே தங்குவான்? மளிகைக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பையன் இரவில் அரிசி மூட்டைகளுக்கிடையே கடையிலேயே படுத்துக்கொள்வான். குமாஸ்தா வேலைக்கு வந்தவன் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் கட்டில் பிடிப்பான். நம்மவரில் மண்ணடிக்கும் முத்தியாலுப்பேட்டைக்கும் வந்தவர்கள் உறவினர் கடையின் மாடியிலோ, பள்ளிவாசலை அடுத்த அறையிலோ ஒதுங்கினர். தனி ஆளுக்கு நகரம் எப்படியோ ஆறடி நிலம் தந்துவிட்டது.

குடும்பத்துக்கு? அங்கேதான் இடர்ப்பாடு.

சிவகாசிப் பகுதி இந்தக் கேள்விக்கு ஒரு விசித்திரமான விடையைக் கண்டது. சண்முக நாடாரும் அய்ய நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்று, 1923-இல் திரும்பி வந்து தொழில் தொடங்கியதும், அதிலிருந்து பட்டாசும் அச்சும் கிளைத்ததும் யாவரும் அறிந்தவை. ஆலைகள் பெருகியபோது தொழிலாளர் குடும்பங்களுக்கு ஊருக்குள் வீடுகள் எழவில்லை. மாறாக, ஆலைப் பேருந்துகள் விடியுமுன்னரே கிராமங்களுக்குச் சென்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தன. இருட்டியபின் கொண்டுபோய் விட்டன. குடியிருப்பு கரிசல் கிராமத்தில், கூலி பத்துக் கல் தொலைவில். வீடு தேடும் தொல்லை அக்குடும்பங்களுக்கு இல்லாமற் போயிற்று என்று ஒருவர் கூறலாம். அந்தப் பேருந்துகளில் தாயின் மடியில் உறங்கிக்கொண்டே போன சிறுவர் சிறுமியரை எண்ணினால் அவ்வாறு கூற நமக்கு நா எழவில்லை. சிவகாசிச் சிறார் உழைப்பு தொடர்பான வழக்கில் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கும் அளவுக்கு அது போயிற்று.

விருதுநகரிலிருந்து சென்னைக்கு வந்து வீடு பிடித்தவர்களுள் மிகப் பெரியவர் யார் என்று கேட்டால், பெருந்தலைவர் காமராசரைத்தான் நாம் கூறுவோம். 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-இல் விருதுபட்டியில் பிறந்து, 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக விளங்கிய அவர், தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் ஒரு வாடகை வீட்டில்தான் வாழ்ந்தார். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் அங்கேயே கண்மூடினார். அவ்வீடு இப்போது அரசு நினைவில்லம். சொந்த வீடு இல்லாத எளிமையைப் பேசாத மேடையில்லை. அவ்வீட்டில் குடும்பம் இருக்கவில்லை என்பதைப் பேசுவோர் குறைவு. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அன்னை சிவகாமி அம்மையார் விருதுநகரிலேயே இருந்தார். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை மட்டும் மகன் அனுப்பினார் என்றும், அன்னையின் வீட்டுக்கெனத் தனியாக இழுக்கப்பட்ட நகராட்சிக் குடிநீர்க் குழாயை அகற்றச் செய்தார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அவர் பொதுவாழ்வின் தூய்மைக்கு இவற்றைச் சான்றாகக் காட்டுவது முறைதான். ஆனால், பட்டணத்தில் மகனும் ஊரில் தாயுமாகப் பிரிந்திருந்த ஆயிரமாயிரம் விருதுநகர் வீடுகளில் அதுவும் ஒன்று என்று பார்ப்பதிலும் ஒரு பொருள் இருக்கிறது. முதலமைச்சர் கொள்கையால் அவ்வாறு இருந்தார். ஏனையோர் வாடகை கட்டுப்படியாகாமல் இருந்தனர்.

நம் சமுதாயத்துக்கு வருவோம். வேற்றூரில் வீடு தேடிய வரலாறு நமக்குப் புதிதன்று. நம் ஆண்டுக் கணக்கே அப்படியொரு பயணத்திலிருந்துதான் தொடங்குகிறது. கி.பி. 622-இல் பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா நகர் சேர்ந்தபோது, அன்ஸாரிகள் ஒவ்வொருவரும் தம் இல்லத்துக்கு அழைத்தனர். ஒட்டகம் நின்ற இடத்துக்கு அருகில் இருந்தது அபூ அய்யூப் அல்-அன்ஸாரி (ரலி) அவர்களின் வீடு. அது மாடி வீடு. வருவோர் போவோர்க்கு வசதியாக இருக்கும் என்று பெருமானார் கீழ்த்தளத்தையே விரும்பினார்கள். மேலே வீட்டுக்காரரும் மனைவியும். ஒருநாள் மேல்தளத்தில் தண்ணீர்ச் சாடி உடைந்துவிட்டது. கீழே சொட்டிவிடுமே என்று அஞ்சி, தங்களிடமிருந்த ஒரே போர்வையால் அத்தம்பதியர் நீரை ஒற்றி எடுத்தனர். ஏறத்தாழ ஏழு மாதம் அந்த வாசம் நீடித்தது. பள்ளிவாசலும் இல்லமும் எழுந்த மனை ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்க்கு உரியது. அதனை இலவசமாகப் பெற மறுத்து, விலை கொடுத்தே வாங்கினார்கள். மாடியில் இருப்பவர் கீழே இருப்பவர்மீது தண்ணீர் சொட்டாமல் காப்பது என்ற இந்த ஒரு நிகழ்ச்சியை, அடுக்ககங்களில் வாழும் இக்காலத்தார் எத்தனை முறை படித்தாலும் தகும்.

வழிப்போக்கர், அதாவது இப்னுஸ் ஸபீல், ஜகாத் பெறத்தக்க எட்டு வகையினருள் ஒருவர் என்பது திருமறை வகுத்த விதி. அவ்விதியின் நிழலில்தான் பாரசீகம் முதல் மொராக்கோ வரை சராய்களும் ஃபுந்துக்குகளும் எழுந்தன. நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் முசாபர்கானாக்களும் அவ்வழி வந்தவையே. சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே மேல்விஷாரம் வள்ளல் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாகிப் தம் தந்தையாரின் பெயரால் எழுப்பிய சித்தீக் சராயை அறியாத முதியவர் நம்மிடையே இலர். நாடார் பெருமக்கள் மகமையால் செய்ததை நம்மவர் வக்ஃபால் செய்தனர். இரண்டும் உயர்ந்த செயல்கள். இரண்டிலும் ஒரே குறைதான் தென்படுகிறது. வண்டிக்காரனுக்கும் முசாபருக்கும் இடம் உண்டு. அவன் மனைவி மக்களோடு வந்தால் மூன்று இரவுக்கு மேல் அங்கே அவர்களுக்கு இடமில்லை.

இன்று செங்கோட்டையிலிருந்து வரும் பொதிகை விரைவு வண்டியில் சிவகாசியிலோ விருதுநகரிலோ ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கும் நம் குடும்பம் ஒன்றை எண்ணிப்பாருங்கள். கணவனுக்கு வேலை உறுதியாகிவிட்டது. பிள்ளைக்குப் பள்ளியும் பார்த்தாயிற்று. தரகர் வீட்டைக் காட்டுகிறார். தண்ணீர் வருமா, சமையலறைக்கு வெளிச்சம் உண்டா என்று வீட்டம்மா பார்த்து முடிக்கிறார். பத்து மாத முன்பணம் என்கிறார்கள். 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்துள்ளது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது அது. உடன்பாடு என்ற சொல் எந்தப் பக்கம் சாயும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அதையும் பொறுத்துக்கொண்டு பெயரைச் சொன்னதும், “வீடு நேற்றே முடிந்துவிட்டதே” என்ற விடை வருகிறது. சில வீட்டுக்காரர்கள் “நாங்கள் சைவம்” என்று நாகரிகமாக முடித்துக்கொள்வர்.

சட்டத்தின் துணையை நாடலாமே எனின், அரசியல் சாசனத்தின் 15(2)-ஆம் பிரிவு கடைகளையும் உணவு விடுதிகளையும் கிணறு, குளங்களையும் கூறுகிறது. தனியார் வாடகை வீட்டைக் கூறவில்லை. ஒரு கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் தன் உறுப்பினர்களைப் பார்சி சமயத்தினராக மட்டும் வரையறுத்துக்கொள்ளலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தாளிட்ட கதவைச் சட்டம் தட்டித் திறக்காது என்பதே இதன் விளைவு.

கதவு திறக்காதபோது குடும்பங்கள் ஒரே இடத்தில் குவிகின்றன. பம்பாயில் 1992-93 கலவரங்களுக்குப் பிறகு மும்பிரா அவ்வாறு பெருத்தது. அகமதாபாத்தின் ஜுஹாபுரா 1973-இல் வெள்ளத்தால் வீடிழந்தோர்க்கான குடியிருப்பாகத் தோன்றி, பின்னர் நம்மவர் ஒதுங்கும் ஊராகவே ஆகிவிட்டது. தமிழகத்தில் நிலை அவ்வளவு கெடவில்லை. மாற்றுச் சமயத்தவரின் மாடியில் பல்லாண்டு குடியிருந்து, பெருநாள் பிரியாணியும் தீபாவளிப் பலகாரமும் பரிமாறிக்கொண்ட குடும்பங்கள் இன்னமும் ஏராளம். இந்த நல்ல நிலை நிலைக்க வேண்டுமானால் நமக்கெனத் தனிப் பேட்டை ஒன்றைச் சுவரெழுப்பிக் கட்டுவது வழியாகாது. பேட்டையைக் கட்டியவர்களே பின்னர் அச்சுவருக்கு வெளியே சென்னையெங்கும் கடை விரித்தார்கள்.

பேட்டையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது அதன் மகமைதான். நம் ஜமாஅத்துகளில் திருமணப் பதிவேடு இருக்கிறது. கபுருஸ்தான் கணக்கும் இருக்கிறது. மஹல்லாவில் காலியாகும் வீடுகளுக்கு ஒரு பதிவேடு எந்தப் பள்ளிவாசலில் இருக்கிறது? வெளியூரிலிருந்து வரும் குடும்பத்துக்காக ஜமாஅத்தின் முத்தவல்லி ஒருவர் வீட்டுக்காரரிடம் சென்று, அவர் எச்சமயத்தவராயினும், “இவர்களுக்கு நான் பொறுப்பு” என்று ஒரு சொல் சொல்லலாம். பத்து மாத முன்பணத்தை பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, வீட்டைக் காலி செய்கையில் அது திரும்பி வந்ததும் அடுத்த குடும்பத்துக்கு மாற்றிவிடலாம். நகரங்களிலுள்ள வக்ஃபுக் கட்டடங்களுக்கு வாடகைதாரரைத் தேர்ந்தெடுக்கும்போது, புதிதாக வந்திறங்கிய குடும்பத்துக்கு முதல் ஆறு மாதத்துக்கென இரண்டு வீடுகளை ஒதுக்கி வைக்கலாம். அபூ அய்யூப் (ரலி) அவர்களின் வீட்டு வாசம் ஏழு மாதம். இங்கே ஆறு மாதம் போதும், அதற்குள் அந்தக் குடும்பம் தானே ஒரு வீட்டைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.