ஹஸ்கியா? மலமியூட்டா? - ரூஜ் பகுதிக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

ஊரில் 'பொமரேனியன்' என்று சொல்லி வளர்த்த சின்ன வெள்ளை நாய்கள் பலருக்கும் ஞாபகமிருக்கும். கூரிய முகம், நிமிர்ந்த முக்கோணக் காது, சுருண்ட வால், இரட்டை அடுக்கு உரோமம். இந்த அடையாளங்கள் கொண்ட நாய்களை 'ஸ்பிட்ஸ்' வகை என்பார்கள். அந்த வகையின் பெரிய உருப்படிகளே சைபீரியன் ஹஸ்கியும் அலாஸ்கன் மலமியூட்டும். ரொறன்ரோவின் கிழக்கெல்லையில், ரூஜ் ஆற்றையொட்டிய எங்கள் பகுதியில் இரண்டையும் காண்கிறேன். தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். "இரண்டும் ஓநாய் மாதிரித்தானே, எது கிடைக்குதோ அதை எடுப்பம்" என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முகத்தைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள், அதன் பரம்பரைத் தொழிலைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

ஹஸ்கி, வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள் வளர்த்த நாய். இலேசான சுமையை மிதமான வேகத்தில் நெடுந்தூரம் இழுப்பது அதன் வேலை. 1908-09 காலப்பகுதியில் அலாஸ்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1925 ஜனவரியில் நோம் என்ற ஊரில் டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) பரவியபோது, சுமார் 1085 கிலோமீற்றர் தூரத்தை நாய்வண்டிகள் மாறி மாறி ஓடி ஆறு நாட்களுக்குள் மருந்தைக் கொண்டு சேர்த்தன. டோகோ, பால்ட்டோ என்ற நாய்கள் புகழ் பெற்றது அப்போதுதான். மலமியூட், அலாஸ்காவின் மாலமியூட் என்ற இனுவிட் மக்களின் நாய். அதன் வேலை வேகமல்ல, பாரம். இறைச்சியும் கூடாரமும் ஏற்றிய வண்டியை மெதுவாக இழுத்துச் செல்வது.

கனடாவின் வடபகுதி இனுவிட் மக்களுக்கு இவற்றின் உறவினமான இனுவிட் நாயே வண்டியும் வேட்டைத்துணையும். கியூபெக்கின் வடக்கிலுள்ள நுனாவிக் பகுதியில் 1950களின் நடுப்பகுதி முதல் 1960களின் இறுதிவரை அந்த நாய்கள் பெருமளவில் கொல்லப்பட்டன. நாயை இழந்தவன் வேட்டையையும் பயணத்தையும் இழந்தான். அதற்காக மத்திய அரசின் சார்பில் 2024 நவம்பரில் கங்கிக்சுஜுவாக் என்ற ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்ட அமைச்சர் ஹரி ஆனந்தசங்கரி. அப்போது எங்கள் ஸ்காபரோ-ரூஜ் பார்க் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் அவரே. பனிநாடுகளில் இந்த நாய்கள் அலங்காரப் பொருளாக இருந்ததில்லை என்பதை விளங்கிக்கொள்ள இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி அடையாளம். ஹஸ்கி ஆண் நாய் 45 முதல் 60 இறாத்தல், பெண் 35 முதல் 50. மலமியூட் ஆண் 85 இறாத்தல், பெண் 75 என்பது இனத்தின் நியமம். ஹஸ்கிக்கு நீலக் கண், மண்ணிறக் கண், ஒன்று நீலம் ஒன்று மண்ணிறம் என எதுவும் வரலாம். மலமியூட்டுக்கு மண்ணிறம் மட்டுமே. "நீலக்கண் மலமியூட்" என்று எவராவது விற்க வந்தால், கலப்பினம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஆறு பேர். மாமிக்கு 76 வயது, கடைசி மகளுக்கு ஏழு வயது. ஜனவரியில் நடைபாதை கண்ணாடிபோல் உறைந்திருக்கும். எதிரே ஒரு அணில் ஓடினால் 85 இறாத்தல் மலமியூட் தன் பரம்பரைத் தொழிலைச் செய்யும், அதாவது இழுக்கும். கயிற்றின் மறுமுனையில் மாமி இருந்தால் இடுப்பெலும்பு முறியும். ஹஸ்கியும் இழுக்கும், ஆனால் வளர்ந்த ஒருவர் சமாளிக்கலாம். மலமியூட்டுகளில் பல, தம் பாலைச் சேர்ந்த மற்ற நாய்களோடு சண்டைக்குப் போகும். வீட்டில் ஏற்கெனவே நாயிருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஹஸ்கியின் குறை வேறு. அது தப்பியோடும். வேலியைத் தாண்டும், அடியில் கிடங்கு கிண்டும். அவிழ்த்து விட்டால் கூப்பிட வராது. ரூஜ் தேசிய நகரப் பூங்காவில் நாயை எப்போதும் கயிற்றில் வைத்திருக்க வேண்டும். அங்கே மானும் கொயோட்டியும் உண்டு என்பதால் அந்த விதி நாய்க்கும் நல்லது. தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாடாத ஹஸ்கி ஊளையிடும், சோபாவைப் பிய்க்கும். காவலுக்கென்று இரண்டில் எதையும் வாங்க வேண்டாம். கள்ளன் வந்தாலும் வாலாட்டி வரவேற்கக்கூடியவை.

இரண்டுக்கும் பொதுவான சில:

வருடத்தில் இருமுறை உள்ளுரோமம் கொத்துக் கொத்தாய் உதிரும். சாமியறையும் சமையலறையும் சுத்தமாக இருக்க வேண்டுமென்ற வீடுகளில் இது தினசரிப் பிரச்சினை. அதற்காக மொட்டை அடிக்காதீர்கள். வெயிலிலிருந்து காப்பதும் அந்த உரோமமே. ஜூலைப் புழுக்கத்தில் விடியற்காலையிலும் இரவிலும் மட்டும் நடத்துங்கள்.

ஊரில்போல் மிஞ்சிய சோறு கறி போடுவது ஆகாது. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். முந்திரிகைப்பழம், அதன் வற்றல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சமைத்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

மாநகரசபை அனுமதிப்பத்திரமும், மூன்று மாத வயதுக்குமேல் விசர்நாய்த் தடுப்பூசியும் கட்டாயம். பேஸ்மன்றில் வாடகைக்கு இருப்போர் கவனிக்க: ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் 'விலங்கு கூடாது' என்று எழுதினாலும் அது செல்லாது. ஆனால் கொண்டோ நிர்வாகத்தின் விதி வேறாக இருக்கலாம்.

என் முடிவு இது. வீட்டில் முதியவரோ சிறுபிள்ளையோ இருந்து, தினமும் ஓடக்கூடிய ஒருவரும் உயர்ந்த வேலியும் இருந்தால் ஹஸ்கி. பலமான பெரியவர்கள் மட்டும் உள்ள, இடவசதியான வீடாகவும் வேறு நாய் பூனை இல்லாததாகவும் இருந்தால் மலமியூட். ஓட ஆளில்லாத வீட்டுக்கு இரண்டும் வேண்டாம். எங்கள் வீட்டில் மூத்தவன் காலையில் ஓடுபவன். அதனால், கைவிடப்பட்ட நாய்களைப் பராமரிப்போரிடமிருந்து நான்கு வயதுப் பெண் ஹஸ்கி ஒன்றை எடுத்தோம். வளர்ந்த நாயென்றால் அதன் குணம் முன்கூட்டியே தெரியும். வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பெப்ரவரி மாதத்துப் பனியில், காலை ஆறு மணிக்கு, இந்த நாயைக் கூட்டிப் போகப்போவது யார்? அந்த ஆளின் பெயரை வீட்டார் எல்லோரும் ஒன்றாகச் சொன்னால் நாயைத் தேடத் தொடங்கலாம்.