பவளத் தொட்டிகளில் சிவப்புத் தட்டைப்புழு

சிவப்புத் தட்டைப்புழு பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளில் பெருகித் தொல்லை தரும் சிற்றுயிர். அறிவியல் பெயர் கான்வொலுட்ரிலோபா ரெட்ரோஜெம்மா. நீளம் சில மில்லிமீட்டர், துரு நிறம், பின்முனை மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். குடற்குழி இல்லாத ஏசீலா வகையைச் சேர்ந்த இதை இன்றைய வகைப்பாடு தட்டைப்புழுத் தொகுதியில் சேர்ப்பதில்லை. தொட்டி வளர்ப்போரிடையே பழைய பெயரே நிலைத்துவிட்டது.

1988இல் ஹெண்டெல்பெர்க், ஓகேசன் ஆகியோர் இதை விவரித்தனர். இதன் இனப்பெருக்கம் வியப்பூட்டுவது. பின்முனையில் அரும்பும் குட்டியின் தலை, தாயின் தலைக்கு நேர் எதிர்த்திசையில் அமைகிறது. வளர்ந்ததும் குட்டி தன் திசையில் இழுத்து, அறுத்துக்கொண்டு போய்விடும். இணை தேவையில்லாததால், புதிய பவளத்தில் ஒட்டிவந்த ஒரே புழு போதும், தொட்டி நிறைந்துவிடும். துண்டான உடலும் மீண்டும் வளரும். ஆகவே பாறையைச் சுரண்டி நசுக்குவது வீண்வேலை.

உடலுக்குள் வாழும் பாசி ஒளியிலிருந்து உணவு தருகிறது. சிறு இறால்வகை உயிர்களையும் புழு பிடித்துத் தின்னும். பகலில் வெளிச்சம் விழும் இடங்களில் கம்பளம்போல் படர்வதால், அடியிலுள்ள பவளம் ஒளியின்றி நலிகிறது.

ஆனால் உயிருள்ள புழுவைவிடச் செத்த புழுவே ஆபத்தானது. உடலிலுள்ள நச்சு நீரில் கலக்கும். ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் இறந்தால் மீன்களும் மடியும். மருந்தை முதல் வேலையாக ஊற்றுவதுதான் பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம். முதலில் பல நாட்கள் மெல்லிய குழாயால் புழுக்களை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். எண்ணிக்கை நன்கு குறைந்த பிறகே சாலிஃபெர்ட் நிறுவனத்தின் ஃபிளாட்வோர்ம் எக்ஸிட் போன்ற மருந்து. மாற்றுவதற்கான உப்புநீரும் புதிய ஆக்டிவேட்டட் கார்பனும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். மருந்து பட்டதும் பிடிவிட்டு மிதக்கும் புழுக்களை உடனுக்குடன் உறிஞ்சி, கார்பன் வழியே நீரைச் செலுத்தி, ஒரு பகுதியை மாற்றவேண்டும். தப்பியவை மீண்டும் பெருகுமென்பதால் சில நாட்களில் மறுமுறை மருந்திடுவது வழக்கம்.

கெலிடோனூரா வேரியன்ஸ் என்னும் கருநீலக் கடல் நத்தை இப்புழுக்களை விரும்பித் தின்னும். புழு தீர்ந்ததும் அது பட்டினியால் இறந்துவிடுவதால், புழுவுள்ள வேறு தொட்டிக்கு மாற்ற வழியிருந்தால் மட்டுமே வாங்குவது நியாயம். ஆறுவரி ராஸ் மீனும் பரிந்துரைக்கப்படுகிறது. சில மீன்கள் தின்னும், பல சீண்டுவதே இல்லை.

புதிய பவளத்தை மருந்துநீரில் முக்கியெடுத்து, தனித்தொட்டியில் சில வாரங்கள் கண்காணித்த பிறகே பெரிய தொட்டிக்குள் விடுவது நல்லது.