நைலான் கயிறும் என் 11 பக்கமும்

போன வாரம் லஸ் பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் மேய்ந்தபோது சுஜாதாவின் 'நைலான் கயிறு' மாட்டியது. ஒரே மூச்சில் மறுவாசிப்பு.

1968ல் குமுதத்தில் தொடராக வந்த, அவரோட முதல் நாவல். அப்போ அவருக்கு விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்ததால், இந்த ரங்கராஜன் மனைவி பெயருக்குள் புகுந்துகொண்டார்.

பலம்: நடை. குட்டிக் குட்டி வாக்கியங்கள், நடுநடுவே டயரிக் குறிப்புகள். பலவீனம்: பாத்திரங்கள் மனசில் ஒட்டவில்லை. வக்கீல் கணேஷ் முதன்முதலாகத் தலைகாட்டுவது இதில்தான். ஆனா வசந்த் இல்லாத கணேஷ், உப்பு கம்மியான ரசம்.

எனக்கு உறைச்சது வேற. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படிச்ச மனுஷன், முதல் நாவலில் ரேடார் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. வாசகனைக் கட்டிப்போடும் வித்தையை முதலில் பழகினார். 'என் இனிய இயந்திரா' வந்ததெல்லாம் 1980களில்தான்.

நானும் ஒரு டெக்னோ த்ரில்லர் எழுதிக்கிட்டிருக்கேன். 40 பக்கத்தில் 11 பக்கம் சர்வர் விளக்கம். பிணம் இன்னும் விழவே இல்லை! இன்னிக்கு ராத்திரி அந்த 11 பக்கத்துக்கும் கயிறுதான்.

உங்க டிராஃப்ட்ல எத்தனை பக்கம் தேறும், மக்களே?