அவவின்ரை காணி, அவற்றை கையெழுத்து

ரூ காயில் நான் வேலை செய்யும் கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்தால் குசினிக்குள் கதை தொடங்கும். போன கிழமை காணிக் கதை. ஊரில் எனக்கு அக்கா முறையான ஒருவர், சீதனமாக வந்த நாலு பரப்புக் காணியை விற்க வெளிக்கிட்டா. நொத்தாரிசு கேட்ட முதல் கேள்வி, "அவரின்ரை கையெழுத்து எங்கை?" அவர் 2009 மே மாதத்தோடு காணாமல் போனவர். செத்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க அக்காவுக்கு மனமில்லை.

"அவவின்ரை காணிக்கு ஏன் அண்ணை அவற்றை கையெழுத்து?" என்று கேட்டான் எங்களோடு கோப்பை கழுவும் பெடியன். இங்கேயே பிறந்தவன். பதில் சொல்ல 300 வருசத்துக்கு மேலே பின்னால் போகவேண்டும்.

1707. ஒல்லாந்த ஆளுநர் சீமொன்ஸ் கட்டளையிட, யாழ்ப்பாணத்தில் 37 வருசம் பழகிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழக்கங்களை எழுதினார். அதைத் தமிழாக்கி 12 முதலியார்களிடம் காட்டினார்கள். அவர்களும் சரி என்றார்கள். 12 பேரும் ஆம்பிளைகள், அதுவும் பெரிய இடத்து ஆம்பிளைகள். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எல்லாம் அதற்குள் இருந்தன. அடிமைகளைப் பற்றிய விதிகளும் இருந்தன. (தேசவழமையை எங்கள் தனித்துவம் என்று மேடையில் முழங்குபவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.) 1806இல் வெள்ளைக்காரன் இதற்குச் சட்ட பலம் கொடுத்தான். இது யாரைக் கட்டும்? "யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடிகளை" என்றான். மலபார் என்றால் நாங்கள்தான்.

1913இல் ஸ்பென்சர் எதிர் இராசரத்தினம் என்ற வழக்கில் கொழும்பு உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது. இது ஓர் இனத்தின் வழக்கமல்ல, ஓரிடத்தின் வழக்கம். ஆகவே மட்டக்களப்புத் தமிழனையோ மலையகத் தமிழனையோ கட்டாது. ஆனால் பங்குக் காணியை விற்கும்போது உரிமைக்காரருக்கு முதலில் சொல்லவேண்டும் என்ற விதி, சொந்தக்காரன் யாராயிருந்தாலும் வடக்குக் காணியைக் கட்டும். ஒரு கால் ஆளில், மற்றக் கால் மண்ணில்.

அமெரிக்க இந்தியர்களின் வழக்குகளை வாசித்தால் அங்கேயும் இதே இழுபறிதான். ஆள் யார், சம்பவம் நடந்த மண் எது? 1832இல் செரோக்கி மண்ணில் ஜோர்ஜியாவின் சட்டம் செல்லாது என்றது அவர்களுடைய உச்ச நீதிமன்றம். 2020இல் கிழக்கு ஒக்லஹோமாவில் மஸ்கோகி மக்களின் ஒதுக்கு நிலம் குற்றவியல் சட்டத்தைப் பொறுத்தவரை இன்னும் இருக்கிறது என்றது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது 1978இல் வந்த தீர்ப்பு. ஜூலியா மார்ட்டினஸ் சாந்தா கிளாரா புவெப்லோ என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். நவஹோ ஒருவரைக் கட்டியதால் அவருடைய பிள்ளைகளை அந்தக் குடியில் சேர்க்கவில்லை. ஆண் வெளியே கட்டினால் பிள்ளைகள் உள்ளே. மத்திய நீதிமன்றம், "இது அந்தக் குடி தீர்க்கவேண்டிய விசயம்" என்று ஒதுங்கிக்கொண்டது. எங்கள் 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே வாடை. தேசவழமைக்கு உட்படாதவனைக் கட்டினால், கலியாணம் நிலைக்கும்வரை பெண் அதற்கு வெளியே. உட்பட்டவனைக் கட்டினால் வெளியே இருந்தவளும் உள்ளே.

அதே 1911 சட்டத்தின் 6ஆம் பிரிவுதான் அக்காவைப் பிடித்து நிறுத்தியது. சொத்து மனைவியுடையது, ஆனால் காணி பூமியை விற்கப் புருசனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். புருசன் தன் முதுசொத்தை விற்க அவளைக் கேட்கத் தேவையில்லை. பொதுச் சட்டத்தின் கீழ் இருக்கும் பெண்ணுக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தக் கையெழுத்துத் தேவையில்லை. 8ஆம் பிரிவு ஒரு வாசல் வைத்திருக்கிறது. புருசன் மறியலில் இருந்தாலோ, சித்தம் பேதலித்திருந்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். "செத்தார்" என்று எழுதாமல் எடுக்கக்கூடிய "காணாமற்போனமைச் சான்றிதழ்" 2016இல் வந்தது. வழி இருக்கிறது, ஆனால் வக்கீல் காசு, பஸ் காசு, தவணைக்குத் தவணை அலைச்சல்.

மார்ட்டினஸுக்கு சண்டை போட ஒரு சபையாவது இருந்தது, அவருடைய சொந்தக் குடியின் சபை. எங்களிடம் சட்டம் மட்டும்தான் மிஞ்சியது, திருத்துகிற சபை இல்லை. சமத்துவம் என்று கேட்டுப் போகலாமென்றால், 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. இந்த பிரான்சிலேயே நியூ கலிடோனியாவின் கனாக் மக்களுக்குத் தனி வழமைச் சட்டம் உண்டு. 1982இன் சட்டப்படி அவர்களுடைய பெரியவர்கள் நீதிபதியோடு கூட இருந்து தீர்ப்புச் சொல்லலாம். வேண்டாமென்றால் அந்த நிலையைக் கைவிடவும் அரசியலமைப்பின் 75ஆம் உறுப்புரை இடம் வைத்திருக்கிறது.

தேசவழமையைத் தொட்டால் இருக்கிற கொஞ்சத்தையும் கொழும்பு பிடுங்கிவிடும் என்று பயப்படுபவர்களை எனக்கு விளங்கும். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. ஆனால் 1844இல் அடிமை முறையோடு அந்த விதிகள் போனபோது முதுசொமும் தேடியதேட்டமும் விழவில்லை. 6ஆம் பிரிவை எடுத்தாலும் விழாது. என்ன, இந்த முறை அந்த 12 முதலியார்களின் இடத்தில் உறுதி வைத்திருக்கிற பெண்களை இருத்திக் கேட்கவேண்டும்.