அலைக்குப் பின் வந்த அயலார்



2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்ரா தீவின் அருகே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் உண்டாயிற்று. அது எழுப்பிய அலைகள் ஒன்பது மணியளவில் சோழமண்டலக் கரையை வந்தடைந்தன. பல ஆலயங்களில் ஆராதனை நடந்துகொண்டிருந்த வேளை அது. தமிழகத்தில் மாண்டவர்கள் ஏறக்குறைய 8,000 பேர். அவர்களுள் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் உயிரிழந்தனர். சுனாமி என்ற சொல்லையே நம்மில் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

அந்த நாளின் அழிவைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். அழிவுக்குப் பின் வந்து நின்ற அயலாரைப் பற்றியே இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் அன்று ஓர் இஸ்லாமியர் வீட்டுத் திருமணம். விருந்து சமைத்து ஆயத்தமாய் இருந்தது. சுற்றியுள்ள மீனவக் குப்பங்களிலிருந்து மக்கள் ஈர உடையோடு ஊருக்குள் ஓடிவந்தபோது, கல்யாண வீட்டுச் சோறு அவர்களுடைய பசிக்குப் பரிமாறப்பட்டது. ஜமாஅத்தார் மீட்புப் பணிக்கு விரைந்தனர். அடுத்து வந்த நாள்களிலும் சமைத்து உணவளித்தனர். உண்டவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். நாகூரில் தர்கா வீடிழந்தோருக்குப் புகலிடமாயிற்று. மாண்டவர்களை மதம் பாராமல் அடக்கம் செய்யத் தர்காவின் நிலமும் திறக்கப்பட்டது.

இதை வாசிக்கையில் மெலித்தா தீவு உங்கள் நினைவுக்கு வரக்கூடும். கப்பற்சேதத்தில் தப்பிய 276 பேர் மழையிலும் குளிரிலும் நடுங்கிக்கொண்டு கரையேறினார்கள். அப்போஸ்தலனாகிய பவுலும் அவர்களில் ஒருவர். அவர்களுக்காக நெருப்பு மூட்டியவர்கள் சுவிசேஷத்தைக் கேட்டிராத தீவார். தேவனுடைய ஊழியக்காரன் அங்கே முதலாவது கொடுக்கிறவராக அல்ல, அந்நியர் மூட்டிய தீயில் குளிர்காய்ந்து, பெற்றுக்கொள்ளுகிறவராக நின்றார். அயலாரை நேசிப்பது என்றால் கொடுப்பது மட்டுமே என்று எண்ணும் நமக்கு, பெற்றுக்கொள்ளும் தாழ்மையும் அந்த நேசத்தின் பாதி என்பதை லூக்கா எழுதிவைத்திருக்கிறார்.

ஆயினும், பிரியமானவர்களே, வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது.

முதல் வாரத்து இரக்கம் எளிதாய்ப் பொங்கியது. அதன்பின் வந்தவை நீண்ட மாதங்கள். தற்காலிகக் குடியிருப்புகளின் தகரமும் தார்த் தகடும் 2005ஆம் ஆண்டுக் கோடையில் அனலாய்க் கொதித்தன. அவ்வாண்டின் மழைக்காலத்தில் பல குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. படகும் வலையும் வீடும் திரும்பக் கிடைக்க மாதங்களும் ஆண்டுகளும் ஆயின. அந்தக் காலத்தில் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் ஓர் அரிய காரியம் செய்தன. வந்த நிவாரணத்தை வலியவன் வாரிக்கொள்ளாதபடி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று சமமாய்ப் பங்கிட முயன்றன. கடலில் கிடைத்ததைப் பங்கிட்டு வாழ்ந்த மக்களின் பழைய ஒழுங்கு, துக்க காலத்திலும் பலரைத் தாங்கியது.

ஆனால் தலைக்கட்டு என்பது ஒரு பட்டியல். ஊருக்கு வரி கொடுக்கும் குடும்பத் தலைவனின் பெயர் அதில் இருக்கும். கணவனை இழந்தவள் பல ஊர்களில் முழுத் தலைக்கட்டாக எண்ணப்படுவதில்லை. கரையோரத்தில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்களும், உப்பங்கழிகளில் கையால் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த இருளர்களும் அந்தப் பட்டியலில் இல்லை. சில முகாம்களில் தலித் மக்கள் சேர்க்கப்படாமல் விலக்கப்பட்டனர். பொதுத் தண்ணீர்த் தொட்டியும் மறுக்கப்பட்டது. அதே நாள்களில், பிற ஊர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட துப்புரவுப் பணியாளர்கள் இடிபாடுகளுக்குள் அழுகிய சடலங்களைத் தங்கள் கைகளால் எடுத்து அடக்கம் செய்தனர். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகளே. நம்முடைய மரித்தோரைச் சுமக்க அவர்கள் தேவைப்பட்டார்கள். நம்முடைய தொட்டியில் நீர் மொள்ள மட்டும் அவர்கள் ஆகாதவர்கள்!

மீனவரைக் குறைகூற இதை எழுதவில்லை. நம் சபைகளிலும் ஒரு பட்டியல் உண்டு. சந்தா செலுத்துவோரின் பதிவேடு அது. ஒரு பேரிடர் வந்தால் அந்தப் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டுதான் அரிசிப் பையைக் கொடுப்போமா?

ஆதித் திருச்சபைக்கும் இந்தச் சோதனை வந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை இவ்வாரம் வாசியுங்கள். அன்றாடப் பந்தி விசாரணையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் அதை அடக்கவில்லை. குறையை ஒப்புக்கொண்டு ஏழு பேரை நியமித்தார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். விடுபட்டவர்களின் துயரை அறியக்கூடியவர்களிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டது. பட்டியல் திருத்தப்பட்டது, சபையும் பெருகிற்று.

அடுத்த வடகிழக்குப் பருவமழை வருமுன்னே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் தனித்து வாழும் முதியவர் யார், நடக்க இயலாதவர் யார், வாடகை அறையில் நெருங்கித் தங்கியிருக்கும் வடநாட்டுத் தொழிலாளர் எத்தனை பேர் என்று விசாரித்து எழுதிவையுங்கள். அவர்கள் எந்தச் சபை, எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்க வேண்டாம். பெயரைக் கேளுங்கள், அவர்கள் பெயரை அறிந்துகொள்ளுங்கள். வெள்ளம் வந்த இரவில் புதிதாய் ஒருவரை அறிமுகம் செய்துகொள்ள நேரம் இராது. ஒருவேளை அன்று உதவி தேவைப்படுகிறவர் நீங்களாகவும், கதவைத் தட்டி வருகிறவர் அவர்களாகவும் இருக்கலாம். அந்தச் சோற்றையும் ஸ்தோத்திரத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

குற்றுயிராய்க் கிடந்தவனுக்காகச் சமாரியன் தன் வாகனத்தைவிட்டு இறங்கினான். எந்தப் பதிவேட்டையும் அவன் புரட்டிப் பார்க்கவில்லை. நம்முடைய பட்டியல்களைத் திருத்தும் கிருபையைக் கர்த்தர் தாமே நமக்கு அருள்வாராக. ஆமென்.