ஈரற் கட்டியும் பாலரும்

குழந்தையைக் குளிப்பாட்டும் தாயின் கைக்கே இந்நோய் பலவேளை முதலில் தட்டுப்படுகிறது. வலது விலாவின் கீழே ஒரு கட்டி, நோவு இராது, வயிறு மட்டும் பருத்துவரும். நாவிதன்வெளியிலாயினும் கல்முனையிலாயினும், பூச்சி வயிறென்று எண்ணி நாட்கடத்துவோர் உளர்.

மூன்று வயதுக்குட்பட்ட பாலரிடம் பெரிதும் காணப்படும் ஈரற் புற்று, கருவிலுள்ள ஈரலின் கலங்களை ஒத்த கலங்களாலானது. ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்பது அதன் பெயர். ஒரு காலத்தில் சத்திரசிகிச்சையன்றி இதற்கு வேறு வழியிருக்கவில்லை. கட்டியை முழுதும் அகற்ற இயலாத குழந்தைகளின் கதியை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1963இல் சோவியத் அறிஞர் அபெலெவ், ஈரற் கட்டியுற்ற சுண்டெலிகளின் குருதியில் கருவுக்கே உரிய புரதமொன்றைக் கண்டார். அடுத்த ஆண்டு தத்தாரினோவ் அதனை ஈரற் புற்றுற்ற மனிதரிடமும் கண்டார். அல்பா பீட்டோ புரதம் எனப்படும் இது, இன்று நோயை அறியவும் சிகிச்சையின் பயனை அளக்கவும் உதவுகிறது. பிறந்த குழந்தையிடம் இது இயல்பாகவே மிகுந்திருந்து மாதந்தோறும் குறையுமாதலால், வயதை நோக்காது எண்ணை மட்டும் வாசிப்பவர் ஏமாறுவார்.

1965இல் அமெரிக்காவில் ரோசன்பேர்க் பற்றீரியாக்களூடே மின்சாரம் பாய்ச்சினார். அவை பிரிவடையாது நீண்டன. காரணம் மின்சாரமன்று, பிளாட்டினத் தகட்டிலிருந்து கரைந்த சேர்வையே! அவ்வழி வந்த சிஸ்பிளாட்டின் மருந்தை முதலிற் செலுத்திக் கட்டியைச் சுருக்கி, பின்னர் அறுத்தெடுப்பது வழக்கமாயிற்று. 2009இல் வெளியான ஐரோப்பியர் தலைமையிலான ஆய்வொன்றில், அபாயம் குறைந்த வகைக் குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் மூன்றாண்டின் பின்னும் உயிருடனிருந்தனர். எனினும் அம்மருந்து செவிப்புலனைக் கவர்ந்தது. சோடியம் தயோசல்பேற்றை ஆறு மணி நேரம் கழித்து ஏற்றினால், கேள்விக் குறைவு நூற்றுக்கு 63இலிருந்து 33ஆகத் தணிவதை 2018ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

அறுக்கவியலாத ஈரலை முற்றாக மாற்றும் துணிவும் பழையதே. 1967இல் டென்வரில் ஸ்டார்சல், ஈரற் புற்றுற்ற 19 மாதப் பெண் குழந்தைக்கு வேறோர் ஈரலைப் பொருத்தினார். அவள் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தாள்.

சற்று வளர்ந்த பிள்ளைகளைத் தாக்கும் ஈரற் புற்று வேறு. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றும் ஹெப்பட்டைட்டிஸ் பி வைரசு அதற்கொரு முதன்மையான காரணம். தாய்வான் 1984இல் சிசுக்களுக்குத் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியது. ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் இந்நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென 1997இல் அறிவிக்கப்பட்டது. இலங்கைத் தடுப்பூசித் திட்டத்தில் அது 2003இல் இடம்பெற்றது. இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் நாவிதன்வெளிக் குழந்தைகளுக்கும் ஏற்றப்படும் ஐங்கூட்டு ஊசியில் அதுவும் அடங்கும். அன்றிரவு காய்ச்சலடிக்குமென முணுமுணுக்கும் தாய்மார் பலர் இதனை அறியார்.